புது டீசலில் பழைய வேன்

காலை 7.05. சித்தூரில் திருச்சபை வளாகத்து ஷெட்டிலிருந்து வெளியே வந்த வேனில் முதலில் கண்ணில் பட்டது, முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'முகக்கவசம் அணியவும்' என்ற தாள். ஊரடங்கின்போது நிறுத்திய வண்டி இன்றுதான் நெடுஞ்சாலைக்கு வருகிறது. டாங்கியில் தேங்கிக் கிடந்த பழைய டீசலை ஓட்டுநர் சாமுவேல் போன வாரம் வடித்துவிட்டார். இப்போது உள்ளே இருப்பது பெட்ரோல் பங்க்குகளில் இன்று கிடைக்கும் கந்தகம் குறைந்த டீசல், இருபது லிட்டர். இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

சாமுவேலுக்குப் பக்கத்தில், துணைக்கு வந்த நான். பின் இருக்கையில் ரெஜினா அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை. வாரம் மூன்று நாள் திருப்பதியில் டயாலிசிஸ். பத்து மணிக்கு அவர் முறை. அரை மணி தாமதித்தால் இயந்திரம் அடுத்தவருக்குப் போய்விடும், மாலை வரை காத்திருக்க வேண்டும். எழுபது கிலோமீட்டரையும் இதுவரை பஸ்ஸில் போய்வந்தார். திரும்பும்போது நின்றுகொண்டே வந்த நாட்களும் உண்டு. அதற்காகத்தான் சபையார் வேனை மறுபடி ஓட்டச் சொன்னார்கள்.

7.30. காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டும்போது பின்னால் நீலப் புகை. சாமுவேல் கண்ணாடியில் பார்த்தார்.

8.20. நாற்பத்து நான்காவது கிலோமீட்டர். டீசல் வாடை அடித்தது. எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. எதிர்ப்புறமே ஒரு பட்டறை. மெக்கானிக் ரமணா துணியில் கை துடைத்தபடி வந்தார். எஞ்சினுக்கு டீசலை அனுப்பும் பம்பின் மேல்மூடி ஓரம் ஈரமாக இருந்தது.

"புது டீசல் வறட்சின்னு ஆட்டோக்காரங்க சொன்னாங்கோ. அதான் ஸ்கூட்டர் பெட்ரோல்ல கலக்கற டூடி ஆயில் அரை லிட்டர் ஊத்தினேன்" என்றார் சாமுவேல்.

ரமணா டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பாயசத்துக்கு நெய் ஊத்தினாப்ல ஊத்திகீறியே அன்னா! புகை அதால. ஒழுகறதுக்குக் காரணம் வேற. இதி கந்தகம் தக்குவ, கம்மியான டீசலு."

ஜன்னலிலிருந்து ரெஜினா அக்கா, "இன்னாப்பா, டீசல்ல சந்தனமா?" என்றார். தெலுங்கில் கந்தம் என்றால் சந்தனம். கந்தகத்தில் இடையே வரும் 'க' அவர் காதில் விழவில்லை.

"சந்தனம் இல்லம்மா. பத்த வெச்சா நாறுமே, அது."

பழைய டீசலில் வருஷக்கணக்காக ஊறி உப்பியிருந்த ரப்பர் சீல், புது டீசல் பட்டதும் சுருங்கிவிட்டது என்று ரமணா விளக்கினார். அந்த இடைவெளியில் டீசல் கசிகிறது, காற்று புகுகிறது. புது டீசலைத் தாங்கும் பழுப்பு நிற சீல் அவரிடம் இருந்தது. மாட்ட ஒன்றரை மணி நேரம்.

சாமுவேல் மணியைப் பார்த்தார். ரெஜினா அக்கா அதற்குள் பையோடு இறங்கியிருந்தார்.

"சாமு, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு நிக்காத. பஸ்ஸு வருது, கைய காட்டு."

"ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேங்க்கா."

"நிக்கிறது சரி. ஓடுமா?"

பெண்களுக்கு இலவசமான அரசு பஸ். 8.50க்கு ஏறினார்.

10.25. சீல் மாட்டியாயிற்று. எண்ணெய் கலந்த டீசலை வடித்து, பட்டறையில் கேனில் இருந்த பத்து லிட்டரை ஊற்றினார்கள். புகை இல்லை. 9.50க்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக ரெஜினா அக்கா போனில் சொல்லியிருந்தார்.

11.20. திருப்பதி. ஆஸ்பத்திரி வாசலில் சாமுவேல் அரை மணிக்கொரு முறை பம்பை விரலால் தடவிப் பார்த்தார். மதியம் சாப்பிடவில்லை. "இனிமே இந்த வண்டில ஏறுவாங்களா, சொல்லுங்க" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

2.30. ரெஜினா அக்கா மெதுவாக வெளியே வந்தார். பக்கத்தில் மெலிந்த ஒருவர், முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இவுரு காலைல பஸ்ல பக்கத்து சீட்டு. இன்னைக்குத்தான் நம்ம ஷிப்டுக்கு மாத்திகீறாங்க. ஊரு நம்ம வழில இருக்கற புத்தலப்பட்டு. ஏத்திக்கிறியா, இல்ல ரெண்டு பேரும் பஸ்ஸுக்கே போவட்டுமா?"

சாமுவேல் கதவைத் திறந்துவிட்டு, பின் இருக்கையை ஒருமுறை துடைத்தார்.

புத்தலப்பட்டில் அவர் வேனிலிருந்து இறங்கியபோது மணி 4.05. வழியில் வண்டி ஒருமுறையும் நிற்கவில்லை.