கமா சாருக்கும் டிரைவிங் டீச்சருக்கும் விவாகரத்து ஆன விதம்

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் டிரைவிங் டீச்சர். வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டினாலும், "பரவாயில்லப்பா, ரிவர்ஸ் எடு" என்பார். அவ்வளவு பொறுமை. அந்தப் பொறுமையைப் பதினேழு வருஷமாகச் சோதித்தவர் அவருடைய கணவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர்; அங்கே எல்லோரும் வைத்த பெயர் கமா சார்.

கமா சார் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கத்த மாட்டார். ஆனால் யார் எதைச் சொன்னாலும் திருத்துவார். "தலை வெடிக்குது" என்று டீச்சர் படுத்தால், "வெடிக்கல, வலிக்குது" என்பார். பிறந்தநாளுக்கு டீச்சர் கொடுத்த வாழ்த்து அட்டை மறுநாள் காலையில் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

ஒருநாள் டீச்சர் தும்மினார். "இது தும்மல் மாதிரி இல்லியே, செருமல்" என்றார் கமா சார். டீச்சர் நேராக வக்கீல் ஆபீசுக்குப் போய்விட்டார்.

வக்கீல் விவாகரத்துக்கான காரணங்களை விரல் விட்டு எண்ணினார். "வேற பொம்பளை சகவாசம் உண்டாம்மா?"

"அவர்கிட்ட யார் சார் பேசுவா?"

"அடிப்பாரா?"

"எழுத்துப்பிழையைத்தான் அடிப்பார்."

"உங்கள விட்டுட்டுப் போயிட்டாரா?"

"அதுக்குத்தான் சார் காத்துக்கிட்டிருக்கேன்!"

வக்கீல் பேனாவை மூடினார். "நீங்க சொல்றதெல்லாம் எரிச்சல்மா. சட்டத்துக்குக் கொடுமை வேணும். தும்மலைத் திருத்தினார்னு மனு போட்டா ஜட்ஜ் என்னைத் திருத்திடுவார்."

தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்த டீச்சர் நடந்ததைச் சொன்னார். கமா சார் திருத்திக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார். "எனக்கும் முடியலதான். நான் வேணா உன்ன விட்டு ஓடிடறேன். இல்ல, இந்த முட்டியோட ஓடல்லாம் முடியாது. போயிடறேன்."

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, பெட்டி கட்டி, தானே காரில் கொண்டுபோய் அவருடைய தங்கை வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். பெருமையாக வக்கீலுக்குப் போன் போட்டார்.

"அது கைவிட்டுப் போறது இல்லம்மா, வழியனுப்புறது!" என்று அலறினார் வக்கீல். பிறகு சட்டென்று குரல் மாறியது. "இருங்க. அவருக்கும் பிரியணுமா?"

"ஆமா சார்."

"அடக் கடவுளே! ரெண்டு பேரும் சம்மதிச்சா காரணமே தேவையில்ல. ஒரு வருஷம் தனியா இருந்துட்டு வந்தா போதும். ஏன் இத முதல்லயே சொல்லல?"

"நாங்க எதுலயும் ஒத்துப்போனதே இல்லியா... எனக்கே தோணல சார்."

அந்த ஒரு வருஷத்தில் கமா சாரின் தங்கை நாலு தடவை போன் செய்தாள். "அண்ணி, தயவுபண்ணி அண்ணனைத் திரும்பக் கூட்டிட்டுப் போங்க."

"இங்க சரக்கு திரும்ப எடுக்கறதில்லம்மா" என்று டீச்சர் போனை வைத்துவிடுவார்.

கோர்ட்டில் ஜட்ஜ் கனிவாகத்தான் கேட்டார். "சேர்ந்து வாழ இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமே?"

"பதினேழு வருஷம் பண்ணிட்டோம் ஐயா" என்றார் டீச்சர்.

கமா சார் கையைத் தூக்கினார். "பதினாறு வருஷம், பதினோரு மாசம்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே படியில் இறங்கும்போது டீச்சருக்குக் கொஞ்சம் அழுகை வந்ததாம். கீழ்ப்படிக்கு வருவதற்குள் நின்றுவிட்டதாம். மறுநாள் முழுக் கட்டிலிலும் குறுக்காகப் படுத்துப் பத்து மணி வரை தூங்கினார். வாசலில் மூன்று மாணவர்கள் மாறி மாறி மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.