மணிக்கூட்டு மேசையில் ஒரு சீசன்

மன்னாரிலிருந்து வந்து பிளேஸ்டோவில் நான் வேலை செய்யும் விளையாட்டு மண்டபத்துக்குள், கதவு நிலையில் தலை இடிபடாமல் குனிந்து நுழைகிற ஆண்கள் என்னைக் கண்டதும் “சொரி” என்பார்கள். உயரமாக இருப்பதற்கு எதற்கு மன்னிப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர்கள் சம்பளத்துக்கு ஆடும் கூடைப்பந்து அணி, ஆனால் கீழ்ப் பிரிவு. அணித் தலைவன் டேரன் பகலில் பார்சல் வான் ஓட்டுகிறான். மன்னாரில் மாவட்ட அணிக்கு ஆடினாலே தெருவில் தனி மரியாதை. இங்கே டேரன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவான். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சீசன் தொடங்கிய அன்று பயிற்சியாளர் மார்கஸ் ஓடி வந்து, “கேன் யூ டூ த கிளொக்?” என்றார். சுவர் மணிக்கூடு நின்றுவிட்டதாக்கும் என்று ஏணியும் பற்றரியும் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டு மேசையிலிருந்த பொத்தான் பெட்டியைக் காட்டினார். பந்து வைத்திருக்கும் அணி இருபத்துநாலு வினாடிக்குள் எறிய வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் பட்டால் அந்த எண்ணிக்கையை நான் திருப்பி வைக்க வேண்டும். கொன்வென்டில் நானும் தங்கை றீற்றாவும் ஆடிய ஆட்டம்தானே. “ஓம்” என்றேன், பிறகு “யெஸ்” என்றேன். அன்றிலிருந்து அந்தக் கதிரை எனக்கு. மேசையில் இருப்பவர் எந்தப் பக்கத்துக்கும் கைதட்டக்கூடாது, அதுதான் கஷ்டம்.

முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. கிறிஸ்மஸுக்குப் பிறகுதான் பெடியள் எழும்பினார்கள். கடைசி ஆட்டத்தில் வென்றால் பிரிவில் நிற்கலாம். தோற்றால் பாதிப் பேருக்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் இல்லை.

ஒரு புள்ளி முன்னால் நின்றோம். டேரன் எறிந்த பந்து வளையத்தைத் தொடாமல் விழ, எங்கள் ஆளே அதைப் பிடித்தான். “ரீசெற், ரீசெற்,” என்று எண்ணிக்கையைத் திருப்பி வைக்கச் சொல்லி மார்கஸ் கத்தினார். என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. பள்ளிக் காலத்தில், மணிக்கூடு பிடித்தவர் எதிரணியின் ஆசிரியர் என்பதால் முடிந்த ஆட்டம் முடியாமல் நீண்டு, நாங்கள் தோற்று அழுதபடி பஸ் ஏறியிருக்கிறோம். நான் அழுத்தவில்லை. இருபத்துநாலு வினாடியும் முடிந்து சங்கு ஊதியது. நடுவர் என்னிடம் வந்து, “பட்டதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நோ.”

பந்து எதிரணிக்குப் போனது. மார்கஸ் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிய ஒன்பது வினாடி. எதிரணிக்காரன் எறிந்த பந்து வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. டேரன் பாய்ந்து அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்தான். கைதட்டாத என் கைகள் எரிந்தன.

புள்ளித் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு றீற்றாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

“நாங்கள் வெண்டிட்டமடி.”

“நாங்களெண்டா ஆர் அக்கா?”

கமராவைத் திருப்பிப் பிடித்தேன். திரை முழுக்க எங்கட பெடியள் துள்ளினார்கள். மூலையில், ஒரு முத்திரை அளவில், மன்னாரிலிருந்து என் தங்கை கைதட்டிக்கொண்டிருந்தாள்.