அருப்புக்கோட்டை மாடியிலிருந்து படகுக்காரர்களுக்கு

கண்ணால் பார்க்காத ஆளுக்கு, கையால் தொடாத பொருளைப் பற்றி, போனிலேயே பதில் சொல்லிப் பிழைப்பதுதான் நம் தொழில். உங்களில் சிலர் ஃபிரிட்ஜுக்குச் சொல்வீர்கள், சிலர் இன்சூரன்சுக்கு. நான் படகுக்குச் சொல்கிறேன். பொழுதுபோக்காகப் படகு ஓட்டுகிறவர்கள் போனில் வைத்துக்கொள்ளும் ஆப் ஒன்று. காற்று, அலை, மழை, மேப், இருக்கும் இடத்தைக் கரைக்குக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. சந்தேகம் கேட்டு எண்ணை அழுத்தினால், அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மணி அடிக்கும். எடுப்பவள் நான். பாலவனத்தத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறேன்.

எந்த ஊரும்மா?

யாராவது ஊர் கேட்டால் சென்னை என்று சொல்லணும் என்றார் சூப்பர்வைசர் கணேசன். சொல்ல மாட்டேன் என்றேன். கடலோரம் பிறந்தால்தான் ஆப் விளங்குமா?

அடுத்த வாரமே பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் கேட்டார். "அருப்புக்கோட்டை சார்" என்றேன். சிரித்தார். தண்ணி லாரிக்குக் குடம் வைக்கிற ஊரிலிருந்து எனக்குப் பாடமா என்றார். "நடுக்கடல்ல சிக்னல் இருக்காது சார். கெளம்புறதுக்கு முன்னாடி மேப்ப எறக்கி வச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"சரிம்மா, அத எங்க அமுக்கணும்?"

திருச்சுழிப் படகு

எங்கள் பெரியப்பாவுக்குத் திருச்சுழி பக்கம் மானாவாரி நிலம். கொத்தமல்லி விதைக்க மழைக்குக் காத்திருந்தார். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஆப் மணிக்கணக்காகக் காட்டுமே என்று, அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். ஆப்பில் பதிவான படகுகளைச் சரிபார்த்த கணேசன் திடுக்கிட்டுப் போனார். திருச்சுழியில் ஏது படகு? நான் வாயைத் திறக்குமுன் பெரியப்பாவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விசாரித்தார்.

"படகு பேரு கேட்டுச்சு, டிராக்டர் நம்பரப் போட்டேன். மழையும் சொன்னபடி வந்துருச்சு. இப்ப அதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

மூன்று மணி

தூத்துக்குடி டாக்டர் ஒருவர் ஞாயிறுதோறும் மனைவியோடு சின்னப் படகில் போவார். கரை தெரியும் தூரம்தான், அதனால் சிக்னல் கிடைக்கும். திரும்பும் நேரத்தை ஆப்பில் போட்டுவிட்டுப் போனால், தவறும்போது வீட்டாளுக்குத் தானாக மெசேஜ் போகும். அன்று மூன்று மணி என்று போட்டிருந்தார். மூன்றே முக்கால் ஆயிற்று. மெசேஜ் போன மகன் அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருந்தான். திரையில் படகின் புள்ளி கரையை விட்டு விலகிக்கொண்டே போனது.

"மெசேஜ் போயிருச்சுல்ல, நம்ம வேலை முடிஞ்சது. கரைக்குப் பேசுறது விதியில இல்ல" என்றார் கணேசன். "அப்ப மெமோ குடுங்க சார். நான் பேசப்போறேன்" என்றேன். படகுத்துறைக்குப் போன் போட்டு இடத்தை வாசித்தேன். டாக்டருக்கு மட்டும் போன் செய்யாமல், 'ஆள் வருகிறார்கள், போனை அணைக்க வேண்டாம்' என்று ஒரு வரி அனுப்பினேன்.

இஞ்சின் நின்றுபோன படகை ஐந்தரைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். வெயிலில் மயங்கிக் கிடந்த அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டர் பேசினார்.

"மகனக் கூப்ட்டுக் கூப்ட்டு நாலு பர்சென்ட் சார்ஜுதான் மிச்சம் இருந்துச்சும்மா. நீ கூப்ட்டுப் பேசியிருந்தா அதுவும் போயிருக்கும்."

விளக்கக் கடிதம்

மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதாவிட்டால் வேலை இருக்காது என்றார்கள். நான் எழுதினேன்: 'நேரம் தாண்டி முக்கால் மணி ஆகியும் படகு திரும்பவில்லை. கரைக்குப் போன் செய்தேன். மறுபடியும் செய்வேன்.' பக்கத்து சீட்டு ஜோதி வாங்கிப் படித்துவிட்டு, மன்னிப்பு எங்கேடி என்று தேடினாள்.

மூன்று வாரம், வேலை இன்று போகுமா நாளை போகுமா என்றுதான் பஸ் ஏறினேன். இதற்கிடையில் டாக்டர் கம்பெனிக்கு நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒருநாள் கணேசன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"நீ எழுதுனத அப்படியே புது விதியாப் போடச் சொல்லிட்டாக. அந்த 'மறுபடியும் செய்வேன்'ங்கறத மட்டும் எடுத்துரவா?"

நம் தொழிலில் வாயைத் திறந்தால் மெமோ வரும், மூடிக்கொண்டால் சம்பளம் வரும், இரண்டும் சேர்ந்து வருவது எப்போதாவதுதான்.