அக்காவின் நிச்சயத்தன்று காருக்குக் கொடுத்த தீர்த்தம்

நல்லது நினைத்துத்தான் செய்தேன், பெருமாளுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது எட்டு வயது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய பெட்ரோல் கார் நிற்கும். அதற்கு இஷ்டமிருந்தால் ஓடும். மறுநாள் வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். "நாளைக்கு வண்டி மானத்த வாங்காம இருக்கணும் தாயே" என்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அம்மா வேண்டிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா முதலில் கொடுப்பது கோவில் தீர்த்தம், மாத்திரை அப்புறம்தான். காய்ச்சல் இறங்கிவிடும். காருக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அதற்கு வாய் எது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். பெட்ரோல் ஊற்றுகிற இடம்தான் வாய்போல் இருந்தது. பூஜை அலமாரியில் பாட்டிலில் இருந்த தீர்த்தத்தைத் துளசியோடு அப்படியே ஊற்றி, மூடியைத் திருகி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

காலையில் அப்பா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சாவியைத் திருகினார். வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. பிறகு இருமலும் இல்லை. மணி எட்டரை. பத்தரைக்கு ராகுகாலம்; அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். வாடகைக் கார் பிடிக்கலாம் என்றாள் அம்மா. தேங்காய் உடைத்த வண்டியை விட்டு வேறு வண்டியில் போய் இறங்கினால், மாப்பிள்ளையின் தாயார் சும்மா இருப்பாரா? தும்மலுக்கே சகுனம் பார்ப்பவர். ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என்று ஆரம்பித்த அப்பா, மறுபடி சாவியைத் திருகப் போனார். அக்கா பட்டுப்புடவையில், கண் மை கரையக் கூடாதென்று மேலே பார்த்தபடி நின்றாள்.

மாமாவுக்கு ஆள் போயிற்று. அம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் பட்டறை வைத்திருந்தார். சாமி கும்பிடாதவர். எங்களோடு கோவிலுக்கு வந்தாலும் வாசலில் செருப்புக்குக் காவலாக நின்றுகொள்வார். அவருக்கும் அப்பாவுக்கும் இதில் ஓயாத வழக்கு.

வந்ததும் ஆரம்பித்தார். "என்ன அத்தான், எலுமிச்சம்பழம் வேல செய்யலியா? இன்னும் ரெண்டு சேத்து வைக்கப்படாதா?"

"வாய மூடிட்டு வண்டியப் பாரு மாப்ள."

சாமியிடம் இல்லாத பொறுமை மாமாவுக்கு வண்டியிடம் உண்டு. செல்ஃப் அடித்துப் பார்த்தார், எஞ்சின் நன்றாகச் சுற்றியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி வந்தது. "அப்ப பெட்ரோல்தான்." கார்புரேட்டருக்குப் போகிற குழாயை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பம்பின் சின்ன லீவரைக் கையால் அடித்தார். பெட்ரோல் பீச்சியது.

"பம்பும் தள்ளுது, குழாயும் அடைக்கல. பொறவு என்ன கேடு இதுக்கு?"

சொல்லிவிட்டுப் பாட்டிலை மதில்மேல் வைத்தார். வேறெதுவும் செய்யாமல் நின்றார்.

"மணி ஒம்பதாச்சு, நீ என்ன வேடிக்க பாக்க?" என்றார் அப்பா.

"செத்த நேரம் பொறுங்க."

பிறகு பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்தார். மேலே பெட்ரோல். அடியில் அதோடு ஒட்டாமல், நிறமில்லாமல் இன்னொன்று. தண்ணீர்.

நான் அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மாமா வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "ஏட்டி, சட்டி ஒண்ணு கொண்டா" என்றார். கொடுத்தேன். டாங்கின் அடியிலிருந்த திருகாணியைக் கழற்றினார். சட்டியில் முதலில் விழுந்தது தண்ணீர்தான். அதில் நாலைந்து துளசி இலைகள் மிதந்தன. மாமா ஒன்றை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். அப்பாவை ஆயுசுக்கும் வாயடைக்க அந்த ஓர் இலை போதும்.

"என்ன மாப்ள அது?" அப்பா குனிந்தார்.

மாமா சட்டியை மறுபக்கம் தள்ளி, இலைகளை அள்ளிக் கைக்குள் மூடிக்கொண்டார். "தண்ணி அத்தான். டாங்கு பாதி காலியாவே கெடந்தா உள்ள வேர்க்கும். மழக்காலம்லா."

டாங்கிலிருந்து நல்ல பெட்ரோல் வரும்வரை வடியவிட்டு, கார்புரேட்டரைக் கழுவி மாட்டினார். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வண்டி பிடித்துக்கொண்டது. அக்கா அப்போதுதான் அழுதாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மாப்ள! இப்பத்தான் மனசுக்குள்ள நாச்சியாரக் கூப்பிட்டேன். ஒடனே கிளம்புச்சா இல்லியா?"

"ஆமா அத்தான்" என்றார் மாமா.

அம்மா சட்டென்று திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"நீங்க போங்க. நான் கை கழுவிட்டு பஸ்ல வாரேன்."

அம்மா மடியில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியே பார்த்தேன். கரி அப்பிய கையை மூடியபடி மாமா தெருவில் நின்றுகொண்டிருந்தார். கோவிலுக்குள்ளேயே போகாத மனுஷர், துளசியைக் கண்டாரா, கீரை என்று நினைத்திருப்பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காட்டிக்கொடுக்காமல் என்னைக் காப்பாற்றியதற்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை ஆண்டாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போனேன்.