மூன்று ராஜாவைக் கவிழ்த்த சனிக்கிழமை

பெரிய கிளாக்கரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஏதோ நியாயம் பேசுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்ன கிளாக்கர். உத்தியோகத்தர் வீடு காலியில்லை என்று தொழிலாளர் இருக்கும் லயத்திலேயே ஒற்றை அறைக் காம்பரா ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அடுப்புப் புகையில் என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் ஃபேக்டரிக்குப் பக்கத்து உத்தியோகத்தர் வீடு காலியாகப் போகிறது என்று தெரிந்தது. யாருக்குக் கொடுக்கலாம் என்று தோட்டத்து மேனேஜர் தொரை கேட்பது பெரிய கிளாக்கரைத்தான்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஸ்டாஃப் கிளப்பில் காசு வைத்துச் சீட்டாடுவோம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிது அது. கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்து ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்த கல்யாணமாகாத பையன் ஒருவன், ஒரு புது ஆட்டத்தைக் கொண்டுவந்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் இரண்டு ரூபாய் கட்டலாம், கடைசிச் சுற்றுகளில் நாலு. ஒரு தடவைக்கு அதற்கு மேல் ஒரு சதக் காசுகூட ஏற்ற முடியாது. அதனால் யாரும் யாரையும் காசைக் காட்டி மிரட்ட முடியாது. சுமாரான சீட்டு இருந்தாலே இன்னொரு நாலு ரூபாயைக் கட்டி எதிராளியின் கையைப் பார்த்துவிட வேண்டும் என்பான். நடுவில் கிடக்கும் காசு அதைவிடப் பல மடங்கு.

எங்கள் கிளப்பில் அந்தக் கணக்கெல்லாம் செல்லவில்லை. பெரிய கிளாக்கர் ஏற்றினால் மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து, கட்டிய காசையும் விட்டுவிடுவார்கள். மரியாதையாம். மண்ணாங்கட்டி மரியாதை! லீவும் வீடும் அவர் பேனாவில் இருந்தன, அவ்வளவுதான். அந்த மனுசனும் அது தெரிந்தே கண்ட சீட்டுக்கெல்லாம் ஏற்றுவார். ஸ்டோர்கீப்பர் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே கட்டி, காட்டுங்கய்யா என்பான். எனக்கு அவன்மேலும் எரிச்சல்தான்.

வீடு காலியான வாரம் என் கையில் இரண்டு ராஜா வந்தது. நடுவில் இன்னொரு ராஜா. மூன்று ராஜா சேர்ந்த கை தோற்பது அபூர்வம். கடைசியில் நானும் பெரிய கிளாக்கரும்தான் மிச்சம். அவர் நாலு ரூபாயை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு வீடு ஞாபகம் வந்தது. கவிழ்த்துவிட்டேன்.

அவர் காசை அள்ளும்போது ஸ்டோர்கீப்பர் எட்டி அவருடைய சீட்டைத் திருப்பினான். ஏழும் இரண்டும். நடுவில் கிடந்த எதோடும் சேராத சீட்டு. பிறகு என்னுடையதையும் திருப்பினான்.

"மூணு ராஜாவ வச்சிக்கிட்டா கவுத்தீங்க? நாலு ரூவாதானேண்ணே."

பெரிய கிளாக்கரும் அந்த ராஜாக்களைப் பார்த்தார். அவருக்காக நான் எதை விட்டேன் என்று புரிந்திருக்கும், இனி வீடு நமக்குத்தான் என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வெட்கங்கெட்ட சந்தோசம். மனைவியிடம் சாமான்களைக் கட்டி வைக்கச் சொன்னேன். அவளும் சட்டி பானையைச் சாக்கில் கட்டினாள்.

திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். வீடு ஸ்டோர்கீப்பருக்கு என்றார். ஒண்டிக்கட்டைக்கு மூன்று அறை!

"அவனுக்குக் குடுக்கலேன்னா தொரைகிட்ட போயி நிப்பான்," என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே. "நீங்க மூணு ராஜாவையே விட்ட ஆளு. ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

"சரிங்கய்யா," என்றேன்.

அந்த ஆளை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அன்று சாயந்தரம் காம்பராவுக்குள் நுழைந்து விசயத்தைச் சொன்னதும், மனைவி அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இழுக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத்தான் கேட்டாள்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

நான் சாக்கை அவிழ்த்து, சட்டி பானையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன்.