கட்டைபறிச்சானில் ஒரு கடைசிப் பக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். திருகோணமலைக்குக் கட்டணம் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய இருநூற்று முப்பது கிலோமீற்றர். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். கடையைப் பூட்டிவிட்டு நாலு நாள் வெளியே போகிறேன் என்றதும், கோணேசர் கோயிலுக்கா, கடல் குளிக்கவா என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடிப் போகிறேன் என்றேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணியாவைச் சேர்ந்த றிஸ்வானா டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு வாசகர் குழு நடத்துகிறார். வெள்ளிக்கிழமை தோறும் காலையில் அவருடைய கேள்வி வந்து விழும்: “இப்ப என்ன வாசிக்கிறீங்கள்?” ஒவ்வொருவரும் கையிலிருக்கிற புத்தகத்தைப் பற்றிக் குரலில் நாலு வசனம் பேசி, யார் யார் அதை வாசிக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். ஒரேயொரு சட்டம், முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னவர் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணீரும் ரோல்ஸும் வாங்கித் தர வேண்டும்.

நான் பரிந்துரைத்தவற்றில் ஒரு புத்தகத்துக்குப் பெயரே இல்லை. பழைய நாவல், கடையில் கண்ணாடி பொதிய வாங்கிய பழைய கடதாசிக் கட்டுக்குள் கிடைத்தது. முன்னட்டையும் இல்லை, கடைசித் தாள்களும் இல்லை. குடாக்கரையில் ஒரு வீடு. அங்கே தனியாக இருக்கிற பெண்ணைப் பொழுதுபட்டு இருளுகிற மைம்மலில் யாரோ வாசல் கேற்றடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாந்தரம் கூப்பிட்டால்தான் ஆள், அதுவரைக்கும் வாய் திறக்கக் கூடாது என்று நம்மூரில் சொல்வார்களே, அதை வைத்து எழுதியது. அவளை எப்போதும் இரண்டு தரம்தான் கூப்பிடும். என் பிரதியின் கடைசி வரி இது: ‘மூன்றாந்தரமும் கேட்டது. அவள் எழுந்து கதவின்’. அதோடு தாள் கிழிந்துவிட்டது. யாருக்காவது முடிவு தெரிந்தால் என் வயிற்றெரிச்சலைத் தீர்த்து வையுங்கள் என்று குழுவில் போட்டேன்.

அதைப் பிடித்துக்கொண்டவர் ஞானம் அண்ணை. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்று, மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சானில் இருந்தவர். அவரை நான் நேரில் கண்டதில்லை. எனக்கு அவர் ஒரு குரல் மட்டுந்தான். பேச முதல் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவார், பிறகு அவசரமில்லாமல் ஆறுதலாகத் தொடங்குவார். புத்தகத்தையும், வாசிக்க ஒரு கண்ணாடியையும் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். பின்னேரங்களில் அதை மனைவிக்கு உரத்து வாசித்துக் காட்டுகிறேன் என்றார். ஒரு நாள் இந்தக் குரல் வந்தது:

“கண்ணாடிக்காரத் தம்பி, உங்கட புத்தகத்தின்ர முடிவு கிடைச்சிட்டுது. புல்மோட்டையில ஒருத்தரிட்ட முழுப் பிரதி இருக்குது. இதில சொல்லமாட்டன், சட்டம் இருக்கெல்லே. நேர வாங்கோ, சொல்லுறன்.”

அடுத்த நாள் விடிய நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. மனைவிக்கும் அவர் முடிவைச் சொல்லியிருக்கவில்லை, பின்னேரம் சொல்கிறேன் என்றிருந்தாராம்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் போய்விட்டால், முப்பத்தோராம் நாள் கழிந்து, அவர் கையில் கடைசியாக இருந்த புத்தகத்தை அவர் வீட்டிலேயே மற்றவர்கள் வாசித்து முடிப்போம். பாதியில் விட்ட கதை ஆளை விடாது என்பது டீச்சரின் கொள்கை. இந்தத் தரம் சிக்கல் என்னவென்றால், முடிக்க எங்களிடம் முடிவு இல்லை.

வெள்ளி பிற்பகல் இரண்டரைக்குத் திருகோணமலை. உள் துறைமுகப் பக்கமாக ஒரு விடுதியில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. உலகத்தில் இவ்வளவு பெரிய துறைமுகம் இவ்வளவு அமைதியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றிவர மலை, நடுவில் ஆழமான தண்ணீர், அலை என்று ஒன்று இல்லை. தூரத்தில் ஒரு இழுவைப் படகு எதையும் இழுக்காமல் நின்றது. கடற்கரை வீதியில் இரண்டு மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்று தலையை நிமிர்த்தி என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புல்மோட்டை பஸ். நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஐம்பத்தைந்து கிலோமீற்றர். பக்கத்தில் இருந்தவர் ஒரு மீன் வியாபாரி. எங்கே போகிறீர்கள் என்றார். ஒரு புத்தகம் பார்க்க என்றேன். புல்மோட்டையில் மீன் இருக்கிறது, கறுத்த மண் இருக்கிறது, புத்தகம் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டுக் குச்சவெளியில் இறங்கிப் போனார்.

மீன்காரர் வாய் பலித்தது. அந்தக் கறுத்த மண் அள்ளுகிற கனிய மணல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வயதானவர்தான் ஞானம் அண்ணைக்குப் புத்தகத்தைக் காட்டியவர். கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் புத்தகம் இல்லை. அலுமாரி முழுக்கக் கறையான் ஏறி, போன கிழமைதான் எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு எரித்தாராம். அவருக்கு வாசிக்கிற பழக்கம் இல்லை. அவை செத்துப்போன மனைவியின் புத்தகங்கள். அந்தப் புத்தகத்தின் பெயர்கூட நினைவில்லை என்றார். எரித்த இடத்தைக் காட்டினார். கறுத்த மணலில் கரி எது, மண் எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு அழுகை வராத குறை.

“அவர் உதில, இந்த முற்றத்திலதான் நிண்டு வாசிச்சவர்,” என்றார் அந்த மனிதர். “வாசிச்சு முடிச்சுப்போட்டுச் சிரிச்சவர். பிறகு கனநேரம் கேற்றைப் பாத்துக்கொண்டு நிண்டவர். ஆரும் வருகினமோ எண்டு நானும் எட்டிப் பாத்தனான்.”

ஆக, அந்த முடிவு தெரிந்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் கடலைப் பார்க்கவே இல்லை.

ஞாயிறு பிற்பகல் டீச்சர் வானோடு வந்தார். வான் வாடகை எட்டாயிரம், ஆளுக்குப் பாதி. மற்ற உறுப்பினர்கள் கல்யாணம், காய்ச்சல் என்று கழன்றுவிட்டார்கள். சாரதி நியாஸ், டீச்சரின் ஊர்க்காரர், பேச்சுக் குறைவு. கிண்ணியாப் பாலம் தாண்டியதும் பின்னேர அஸர் தொழுகைக்கு என்று அவர் பள்ளிவாசலுக்குள் போக, நாங்கள் இரண்டு பேரும் முன்னால் இருந்த கடையில் பிளேன்டீ குடித்தோம். அங்கேதான் டீச்சர் எனக்கு முழுவதையும் சொன்னார்.

ஞானம் அண்ணையின் மனைவி புவனேஸ்வரி, எங்களுக்குப் புவனா அக்கா, அண்ணைக்குப் புவனம், வீட்டில் தனி. ஒரே மகன் கனடாவில். செத்தவீடு முடிந்த நாளிலிருந்து மைம்மல் பொழுதில் கேற்றடியில் நின்று ஞானம் அண்ணை கூப்பிடுகிறார் என்று சொல்கிறாவாம். இரண்டு தரம். மகன் கேட்டுவிட்டு, அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவெடுத்திருக்கிறார். வருகிற கிழமை மகனுடைய மனைவியின் அண்ணன் வந்து அவவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டப் போகிறார். வீட்டை விற்கவும் ஆள் பார்த்தாயிற்று. அக்காவுக்குப் போக விருப்பமில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி, இப்போது தனக்கே சந்தேகம் வந்து இராவில் நித்திரை இல்லையாம்.

இரண்டு தரம் கூப்பிடுவது என் புத்தகத்தில் இருக்கிற கதை. அதை அனுப்பியவன் நான். புருஷனை இழந்த மனுசிக்கு அந்தக் கதை தலையில் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அதை டீச்சரிடமும் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் படுகுது என்றார். நியாஸ் வந்ததும் கதையை நிறுத்தினோம்.

மூதூரையும் கடந்து கட்டைபறிச்சானுக்குப் போய்ச் சேர நாலேமுக்கால். ஒழுங்கையின் கடைசி வீடு. பின்னால் கண்டல் காடு, அதற்குப் பின்னால் களப்பின் உப்புத் தண்ணீர். இரும்புக் கேற். நியாஸ் வானை வெளியில் விட்டு உள்ளேயே சாய்ந்துகொண்டார்.

புவனா அக்கா விசர் பிடித்து வெறித்த முகத்தோடு இருப்பா என்று பயந்துகொண்டு போனவன் நான். அவ தலை இழுத்து வாரி, சீலை உடுத்து, குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தா. ஹோலில் ஞானம் அண்ணையின் கதிரையில் என் புத்தகம், அதன் மேல் நான் அனுப்பிய கண்ணாடி. என் தொழில் புத்தி, கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. தினமும் துடைக்கிறீர்களா என்று கேட்டேன். நான் தொடுகிறதே இல்லை என்றா.

பிறகு ஒரு நிபந்தனை போட்டா. “ஆறு மணி தாண்டும்வரைக்கும் இருங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன். என்ர முகத்தையும் பாக்காதேங்கோ. நீங்கள்தான் சொல்லோணும்.”

பின்னேரம்தான் வரவேண்டும் என்று அவ டீச்சரிடம் வற்புறுத்தியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. வாசிக்க மட்டும் எங்களைக் கூப்பிடவில்லை.

டீச்சர் கடைசி மூன்று அத்தியாயங்களையும் வாசிக்கத் தொடங்கினார். நல்ல குரல். வெளியில் காற்று விழுந்தது. கண்டல் இலை ஒன்றும் அசையவில்லை. இடையில் நான் வாங்கி வாசித்தேன், பிறகு மீண்டும் டீச்சர். வெளிச்சம் குறையக் குறையப் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். அக்கா லைற்றைப் போடவில்லை. வாசற்படியில் படுத்திருந்த நாய் எழும்பியது. குரைக்கும் என்று பார்த்தேன். அது கேற்றடிக்கு ஓடிப்போய் நின்று வாலை ஆட்டியது.

“மூன்றாந்தரமும் கேட்டது. அவள் எழுந்து கதவின்,” என்று வாசித்து டீச்சர் நிறுத்தினார். அதற்கு மேல் தாள் இல்லை.

அப்போதுதான் கேட்டது. முதலில் செருமல், இரண்டு தரம். அந்த மனிதரின் முகம் எனக்குச் சுவரில் தொங்குகிற படத்தில்தான் தெரியும், ஆனால் அந்தச் செருமலை எத்தனை வெள்ளிக்கிழமை காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். பிறகு ஆறுதலாக, கேற்றடியிலிருந்து: “புவனம்.”

டீச்சரின் கை புத்தகத்தோடு மடியில் விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு தரம், “புவனம்.”

அக்கா நிலத்தைப் பார்த்தபடி இருந்தா, கைகள் இரண்டும் மடியில் இறுகிக் கிடந்தன. நான் வாயைத் திறக்க முதல் கேற் கிரீச்சிட்டது. உள்ளே வந்தது நியாஸ். நடந்தது ஒன்றும் தெரியாத மனிதர்.

“டீச்சர், ஆரோ ‘புவனம், புவனம்’ எண்டு ஆளக் கூப்பிடுறாங்க. வான விட்டு இறங்கிப் பாத்தன், கேற்றடியில ஒருத்தரையும் காணல்ல.”

அக்கா தலையை நிமிர்த்தி முதலில் நியாஸைப் பார்த்தா, பிறகு என்னை. “உங்களுக்குக் கேட்டதோ?”

“ஓம் அக்கா, கேட்டது. அது ஞானம் அண்ணைதான்,” என்றேன்.

“அப்ப எனக்கு விசர் இல்லை,” என்றா. இரண்டாந்தரமும் அதையே சொன்னா. பிறகுதான் அழுதா. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததை, வெட்கம் பாராமல், ஓவென்று அழுதா. டீச்சர் பக்கத்தில் போயிருந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. மூன்றாந்தரம் வரட்டும் அக்கா என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். “ஏன் தம்பி, என்ர மனுசனுக்குப் பதில் சொல்ல நான் மூண்டாந்தரம் பாக்கோணுமோ? பயத்தில இவ்வளவு நாளும் பேசாமல் இருந்திட்டன்,” என்றா. வாசலில் இறங்கி, “ஓம், வாறன்,” என்று குரல் கொடுத்துக்கொண்டு கேற்றடிக்கு நடந்தா.

ஜன்னலால் பார்த்தேன். சீலையின் வெள்ளை மட்டும் தெரிந்தது. யாருக்கோ காது கொடுப்பது போலத் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நின்றா. எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூதூர்ப் பக்கமிருந்து மஃரிப் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு தண்ணீர் மேலாக வந்தது. நியாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பாங்கு முடிய அக்கா திரும்பி வந்து லைற்றைப் போட்டா. நாய் வந்து பழையபடி படியில் படுத்தது.

“என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

“முடிவைச் சொன்னவர். அதுக்குத்தானே இவ்வளவு நாளும் வந்தவர்.”

“எங்களுக்கும் சொல்லுங்கோ அக்கா.”

கண்ணீர் காயாத முகத்தோடு சிரித்தா. “முடிவைச் சொல்லக் கூடாதெண்டு உங்கட சட்டமெல்லே. உங்கள் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித்தர என்னட்டக் காசில்லை.” சொல்லிவிட்டு வடை எடுக்கக் குசினிக்குள் போய்விட்டா.

கிளம்ப முதல் அக்கா புத்தகத்தை என்னிடம் திருப்பித் தந்தா, டீச்சர் கனடாவுக்குக் குரல் அனுப்பினார். தான் கேட்டதை மகனுக்கு ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார், பிறகு போனை நியாஸிடம் கொடுத்தார். நியாஸும் சொன்னார். கேற்றைத் தாண்டும்போது நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டுதான் நடந்தோம். அதை மறைப்பானேன்.

திங்கள் காலை யாழ்ப்பாண பஸ். வழியில் ஞானம் அண்ணையின் கடைசிக் குரலைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நேர வாங்கோ, சொல்லுறன் என்றார். நான் நேரே போனேன். அவரும் வந்து சொன்னார். எனக்குத்தான் சொல்லவில்லை. கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால் பொறாமையும் வந்தது.

கொழும்புப் பயணம் நின்றுவிட்டது என்று பிறகு டீச்சர் சொன்னார். மகன் விடுமுறைக்குத் தானே வருகிறாராம், ஒரு பின்னேரம் அந்த வீட்டில் இருந்து பார்க்க. அடுத்த வெள்ளி வழக்கமான கேள்விக்கு ஒரு புதுக் குரல் பதில் சொன்னது. புவனா அக்காவை டீச்சர் குழுவில் சேர்த்திருந்தார். அவ பரிந்துரைத்தது என் புத்தகத்தைத்தான். முடிவு நல்ல முடிவு, தனியாக இருக்கிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்லுவேன் என்றா.

எங்கள் வீடு பெரிய ரோட்டுக்கரை. ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தமும் ரீவி நாடகமுமாக, கேற்றடியில் ஆள் நின்று கத்தினாலும் உள்ளே கேட்காது. இப்போதெல்லாம் அந்த நேரம் கடையை முன்னுக்கே பூட்டிவிட்டு வந்து, ரீவியை நிற்பாட்டி, முன்வாசலில் கதிரை போட்டு இருக்கிறேன். வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். புத்தகம் மடியில் கிடக்கும். இரண்டாந்தரமே போதும், உடனே பதில் சொல்லுவேன். இதுவரைக்கும் ஒருவரும் கூப்பிடவில்லை.