கிள்ளி எறிந்த மாம்பூ

ஒட்டு மாங்கன்றுக்காக நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். புதுச்சத்திரம் பக்கத்தில் எங்கள் தோட்டம். அந்த வட்டாரத்தில் மாமரம் என்றால் கொட்டை முளைத்து வந்த புளிப்பு மரம்தான். எனக்கோ மல்கோவா வேண்டும் என்று பிடிவாதம். நாமக்கல் சந்தையில் ஒருவன் ஒட்டுக் கன்று என்று இரண்டை என் தலையில் கட்டினான். ஒட்டுப் போட்ட இடம் இதுதான் என்று தண்டில் துணி சுற்றியிருந்தது. ஒரு மழைக்குத் துணி இற்று விழுந்தது. உள்ளே ஒட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டையும் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன்.

அப்புறம் ஆத்தூர் வரைக்கும் விசாரித்தேன். கடைசியில் சேலத்துப் பழக்கடைக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். ஏற்காட்டு மலையடிவாரத்தில் கன்று விற்பதற்கென்றே ஒருவர் தோட்டம் வைத்திருந்தார். மலைமேல் ஒரு துரையின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். துரை சீமைக்குப் போனதும் கீழே இறங்கி, ஒட்டு மாவும் ரோஜாவும் மட்டும் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

ஆவணியில் வண்டி கட்டிக்கொண்டு நானும் என் மனைவியும் போனோம். பெரிய மல்கோவா மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி, அதன்மேல் மண் கலயங்களில் கொட்டைக் கன்றுகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கன்றையும் சீவி, தாய்மரத்துக் கிளையையும் சீவி, இரண்டையும் சேர்த்து வாழைநாரால் கட்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஒரு கன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "மொத மூணு வருசம் பூ வந்தாக் கிள்ளிப் போட்டுருங்க சாமி. காய்க்க உட்டா மரம் வளராமச் சொங்கிப் போயிரும்."

என் மனைவி அதற்குள் ஒரு சிவப்பு ரோஜாச் செடியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். பூவையா தின்னப் போகிறோம் என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் நகரவில்லை. வாங்க வேண்டியதாயிற்று. அதற்கும் அவர் ஒரு விதி சொன்னார், முதல் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டுமாம்.

அவள் கிள்ளவில்லை. ஐப்பசியில் முதல் பூ விரிந்ததும் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். நான் சத்தம் போட்டேன்.

"செடி செத்தா போச்சுங்க?" என்றாள்.

சாகவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் ரோஜா அவள் செடி, மா என் மரம் என்று நான் பிரித்து வைத்திருந்தேன். மாவுக்கும் கிணற்றிலிருந்து குடம் சுமந்தவள் அவள்தான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. முதல் தையில் வந்த பூவைக் கிள்ளினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தையில் மரம் என் தோள் உயரம்கூட இல்லை, ஆனால் ஆறேழு கொத்துப் பூத்தது. நான் கிள்ளப் போனபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு கொத்த மட்டும் உடுங்க. என்ன ருசின்னு தின்னு பாக்கோணும்."

"மூணு வருசம்னு சொல்லியிருக்காரு."

"ஒண்ணு உட்டா என்னன்னு அவரையே கேட்டுட்டு வாங்களே."

"ஒருக்காச் சொன்னது எனக்குப் போதும் புள்ள. போய் வேலயப் பாரு."

எல்லாவற்றையும் கிள்ளினேன். கை பிசுபிசுத்தது. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேரை நான் நன்றாகக் காப்பாற்றினேன்.

சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாமக்கல் டாக்டர் கொயினா மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கும், ஏறும். வைகாசிக் கடைசியில் சேலம் போய் நல்ல மல்கோவாவாகப் பார்த்து வாங்கி வந்து அறுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டு தின்றாள். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று தட்டை நகர்த்தி வைத்தாள். ஆனியில் போய்விட்டாள்.

அடுத்த தையிலும் பூத்தது. அப்போதும் கிள்ளினேன். அதற்கடுத்த வருஷம் பதினொரு காய் நின்றது. பதினொன்றையும் பழுக்க வைத்து நான் ஒருவனே தின்றேன், யாருக்கும் ஒரு துண்டு கொடுக்கவில்லை. அசல் மல்கோவாதான். தின்னத் தின்ன என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த ஆவணியில் இன்னும் இரண்டு கன்று வாங்கலாம் என்று மலையடிவாரத்துக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. காய்த்ததா என்று கேட்டார். இந்த வருஷம்தான், நீங்கள் சொன்னபடி மூன்று வருஷமும் ஒன்று விடாமல் கிள்ளினேன் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒரு காய்கூட உடலீங்களா? அடடா. ஒண்ணு ரெண்டு உட்டா மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களே. மொதக் காயத் தின்னு பாத்துட்டு, மல்கோவாதான்னு வந்து சொல்லிட்டுப் போவாங்க எல்லாரும்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க" என்றார்.

கன்று வாங்காமலே வண்டியைத் திருப்பினேன்.